அக்கா கால் நீட்டியிருந்த ஆர்மோனியப் பெட்டி

எங்கள் குடும்பத்தில் கவலைப்படுவது ஒரு முழுநேர உத்தியோகம். அதில் என் அக்காதான் எல்லோருக்கும் சீனியர்.

தாமிரபரணிக் கரையோரம், ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த தெருவில் அவள் தனியாக இருக்கிறாள். அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன் கத்தாரில். நான் வேலை கிடைத்து ஆவடிக்கு வந்தவன். முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ஓய்வு பெற்ற பிறகு பட்டாபிராமில் ஒரு மாடி வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அக்காவின் கணக்கில் சென்னை என்பது ஒரே தெரு. மெரினாவில் அலை கொஞ்சம் உயர்ந்தது என்று டிவியில் காட்டினால் போதும், அடுத்த நிமிஷம் போன் வரும். "ஏல, கட்டில்மேல ஏறி உக்காரு." கடல் இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று சொன்னால், "தண்ணிக்கு டிக்கெட்டா வேணும்?" என்பாள். இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வது வழக்கம். அக்காவுக்கென்று மட்டும் ஒரு கட்டு இருக்கிறது.

அந்த டிசம்பரில் முதலில் மூழ்கியது நாங்கள்தான். புயல் வந்தது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் போய் இரண்டு நாள், போன் செத்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் யாரோ கீழேயிருந்து கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால், எங்கள் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் நிற்கிறார்.

"அண்ணாத்தே, உன் அக்கா என்ன ஒரு வாய் டீ குடிக்க வுடல. நீ உசுரோட கீறியான்னு பாத்துட்டு வரணுமாம். அந்த ஜன்னலாண்ட வந்து மூஞ்சக் காட்டு, போட்டோ எடுத்துக்கினு போறேன்."

அக்கா முந்தின வருஷம் இங்கே வந்திருந்தபோது அவரிடம் ஒரு பட்டுப்புடவை கொடுத்தாள். அது ஒரு நாள் தாமதமானது. திட்டுவதற்காக வாங்கி வைத்த நம்பர் அது. அதைத் தேடி எடுத்து அவரைப் பிடித்திருக்கிறாள். அவர் "உங்க தம்பி நல்லாத்தான் கீறாரும்மா" என்று வீட்டிலிருந்தபடியே சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் விடவில்லை. பார்த்தாயா என்று கேட்டிருக்கிறாள். பார்க்கவில்லை என்றதும், பார்த்துவிட்டு வா, போட்டோவோடு வா என்றிருக்கிறாள். அவருக்குத் தண்ணீரில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. போட்டோ போன பிறகு அக்காவிடமிருந்து அவருக்கு ஒரே ஒரு வரி பதில் வந்தது. நான் இளைத்துவிட்டேனாம்.

இரண்டே வாரம். முறை மாறியது.

ஞாயிற்றுக்கிழமை தெற்கே மழை பிடித்தது. நாங்கள் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தோம். அக்காவே பேசினாள். மழைதான், வழக்கமான மழைதான், வாசல் வரைக்கும் வந்திருக்கிறது, நீ ஏணிமேல் ஏறாதே, நட்சத்திரத்தை வேறு யாரையாவது விட்டுக் கட்டச் சொல் என்றாள். அவள் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும்போது என் ஏணிக்குக் கவலைப்பட்டாள். அதுதான் கடைசி. திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். டிவியைப் போட்டோம். எங்கள் ஊர்ப் பக்கத்து ரயில் பாதை தண்ணீருக்குமேல் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு எது, வயல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பயம் ஒன்றே ஒன்றுதான். அக்காவின் வீடு மேல்மாடி இல்லாத, தளம் போட்ட வீடு. வெளிப்பக்கம் மொட்டைமாடிக்குப் படி உண்டு, பதினான்கு படி. ஆனால் முழங்கால் வலியால் அவள் அந்தப் படியில் ஏறி மூன்று வருஷம் ஆகிறது. மாடியில் காயப்போட்ட வற்றலைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்து வந்து கொடுப்பாள். தண்ணீர் வந்தபோது அக்கா ஏறினாளா இல்லையா? என் தலைக்குள் அந்தப் படியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கத்தாரிலிருந்து அக்கா மகன், என் மருமகன், பேசினான். கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, தெருத்தெருவாக ஆட்களை மீட்கிறார்களாம். அதில் ஒரு படகுக்காரரின் நம்பரைப் பிடித்து, அம்மாவின் பெயரையும் தெருவையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். லிஸ்டில் பெயர் ஏறியாச்சு மாமா, எப்படியும் இன்றைக்குள் போய்விடுவார்கள் என்றான். நன்றாகத்தான் பேசினான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு தடவை எச்சில் விழுங்கினான்.

மத்தியானம் சாப்பாடு. என் மனைவி தட்டைப் போட்டாள், சோற்றைப் போட்டாள், ரசத்தை ஊற்றினாள், பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. அக்காவும் அவளும் நாத்தனார்கள் என்று யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நான் இல்லாத நேரம் பார்த்துப் பேசிக்கொள்கிறவர்கள். பேச்சு பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் என்பது வேறு விஷயம்.

"சாப்பிடு" என்றேன்.

"அவங்க சாப்பிட்டாங்களோ என்னமோ" என்றாள்.

அப்போதுதான் என் வாயில் அது வந்தது. திட்டம் போட்டுச் சொன்னதில்லை. சாப்பிட்டிருப்பாள், அவள் கோயில் மாடியில்தான் இருக்கிறாள் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கையை நிறுத்தினாள். ஊரிலிருந்து ஒருத்தர் போன் பண்ணினார் என்றேன். யார் என்றாள். பெயர் சரியாகக் கேட்கவில்லை, லைன் கரகரப்பு என்றேன். அவள் இன்னும் நம்பவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் வெறும் பொய் செல்லாது, சாமான் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். நமக்கு கிறிஸ்துமஸுக்குச் சுட்டு வைத்திருந்த அச்சுமுறுக்கு டின்னையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள், அங்கே பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம் என்றேன். முழங்கால் வலிக்கு என்ன செய்கிறாள் என்று கேட்டாள். ஆர்மோனியப் பெட்டிமேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாளாம் என்றேன்.

அந்த ஆர்மோனியப் பெட்டி வேலை செய்தது. என் மனைவி முதல் வாய் எடுத்து வைத்தாள். இரண்டாவது சோறும் போட்டுக்கொண்டாள். நான் மனத்துக்குள் ஆண்டவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மோர் ஊற்றிக்கொண்டேன்.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் நான் இருந்தது இன்ஸ்பெக்ஷன் பிரிவு. சாமான் செய்து வரும். நாங்கள் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஒரு பொட்டுப் பச்சை பெயிண்ட், தப்பு இருந்தால் சிவப்பு. பச்சை வைத்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நேரே வண்டியில் பூட்டிவிடுவார்கள். அதனால், பக்கத்து மேசைக்காரன் பார்த்துவிட்டேன் என்றாலும், ஷாப் சூப்பர்வைசரே வந்து சத்தியம் பண்ணினாலும், கண்ணால் பார்க்காத சாமானுக்கு நான் பொட்டு வைத்ததில்லை. இதற்காக என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. கல்யாண வீட்டில் இலை போட்டதும், "அவரு அளந்து பாத்துட்டுத்தாம்பா வடையத் தொடுவாரு" என்பார்கள். அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஒரு தட்டு ரசம் சாதத்துக்காகக் கூடப்பிறந்தவளுக்குப் பச்சைப் பொட்டு வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கீழே இறங்கினேன். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரியை விசிறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, அக்கா சர்ச்சு மாடில ஜம்முனு கீதாமே. ஒரு வார்த்த சொல்லல நீ. இருநூறு பேருக்கு அதிரசமாம். ஊரே அக்கா கையாலதான் துன்னுகினு கீதாம்."

யார் சொன்னது என்றேன். அவர் வீட்டம்மா சொன்னாளாம். அவளுக்குத் தையல்கடையில் சொன்னார்களாம். தையல்கடைக்கு வெள்ளானூரிலிருந்து வந்ததாம்.

இப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன், வெட்கத்துக்குரியதுதான். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. நான் சொன்னது முறுக்கு, இவர் சொல்வது அதிரசம். நான் சொன்னது பிள்ளைகள், இவர் சொல்வது இருநூறு பேர். அப்படியானால் இது என் சேதி இல்லை, நிஜமான சேதி, வேறு வழியாக வந்திருக்கிறது! நான் குருட்டாம்போக்கில் சொன்னது உண்மையிலேயே நடந்திருக்கிறது. கூடப்பிறந்த பாசம் என்றால் சும்மாவா, மனசு அறுநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் பார்த்திருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இஸ்திரிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கரி ஒட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. மாடிக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அப்புறம் மருமகனைக் கூப்பிட்டேன்.

அவன் குரலில் அந்த எச்சில் விழுங்கல் இல்லை.

"எனக்கு நேத்து சாயங்காலமே தெரியும் மாமா. உங்களுக்கு அடிச்சேன், லைன் பிஸி. எங்க சர்ச்சுல நாகர்கோவில் ஆன்ட்டி ஒருத்தங்க இருக்காங்க, அவங்க சொந்தக்காரங்க மூலமாச் சேதி. அம்மா கோயில் மாடியில ஆர்மோனியப் பெட்டிமேல கால நீட்டிட்டு ராணி மாதிரி இருக்காங்களாம்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் ஊர்க் கோயிலில் ஆர்மோனியப் பெட்டி கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இருந்தது. கரையான் தின்று, பெட்டியைத் தூக்கியபோது அடிப்பலகை தனியாகக் கழன்று விழுந்து, பாடகர் குழுவே சிரித்து, ஆராதனை நடத்தும் உபதேசியாரிடம் எல்லோரும் திட்டு வாங்கினோம். அதற்கப்புறம் அங்கே வேறு ஆர்மோனியம் வாங்கவில்லை. அது என் ஞாபகத்தில் மட்டும் இருந்த பெட்டி. நாகர்கோவிலிலிருந்து எவரும் அதைப் பார்த்திருக்க முடியாது. என் சாப்பாட்டு மேசையிலிருந்து என் மனைவி, அவளிடமிருந்து வெள்ளானூரில் இருக்கும் அவள் தங்கை, அங்கிருந்து ஜெபக்குழு, நாகர்கோவில், கத்தார். நான் பெற்ற பொய் உலகத்தைச் சுற்றி, கொழுத்து, எனக்கே வணக்கம் சொல்கிறது.

அப்படியானால் அக்காவைப் பற்றி இந்த உலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

மருமகன் பேசிக்கொண்டே இருந்தான். "ஆர்மோனியம்னதும் நானும் யோசிச்சேன் மாமா, புதுசா வாங்கியிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்புறம் படகுக்காரருக்குப் போன் பண்ணி லிஸ்டுலேருந்து அம்மா பேர அடிக்கச் சொல்லிட்டேன். அடுத்த தெருவுல வேற யாரோட அம்மாவாவது இருப்பாங்கல்ல. நம்ம ஆள் பத்திரமா இருக்கும்போது எடத்தப் புடிச்சிட்டு இருக்கக் கூடாதுல்ல."

பெயரை அடித்துவிட்டான். நல்ல பிள்ளை. அக்கா வளர்த்த பிள்ளை. அவன் அப்படிச் செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தச் சேதி எங்கள் வீட்டில் பிறந்தது, நான்தான் சொன்னேன், உன் அத்தை சாப்பிடவில்லை, அதற்காகச் சொன்னேன். அவன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"வைக்கிறேன் மாமா. படகுக்காரருக்கு அடிக்கணும். லைன் கெடைக்கிறது கஷ்டம். நம்பர் அனுப்புறேன், நீங்களும் அடிங்க."

திரும்பினால் என் மனைவி சமையலறை வாசலில் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ நேத்து நான் சாப்பிட்ட சோறு?" என்றாள்.

நான் மருமகன் அனுப்பிய நம்பரை அழுத்த ஆரம்பித்தேன்.

படகுக்காரரின் லைன் பதினேழாவது தடவை கிடைத்தது. பின்னால் மோட்டார் சத்தமும் யாரோ கூப்பாடு போடுகிற சத்தமும். அக்காவின் பெயரையும் தெருவையும் சொன்னேன்.

"அண்ணாச்சி, அந்த அம்மா கோயில்ல இருக்காவன்னு மகனே சொல்லிட்டாவளே."

"அது தப்பு. அவ அங்க இல்ல."

"நீங்க யாரு?"

"தம்பி."

"மகன் இருக்காவங்காரு, தம்பி இல்லங்கிய. நான் எத எடுக்க? நீங்க பாத்தியளா?"

"நான் ஆவடிப் பக்கம் இருக்கேன்."

"அப்ப நீங்களும் பாக்கல."

முகம் தெரியாத அந்த மனிதரிடம், அவர் மோட்டார் சத்தத்துக்கு மேலாகக் கத்தி, நான் சொன்ன பொய்யை முழுதாக ஒப்புக்கொண்டேன். ரசம் வரைக்கும் சொன்னேன். தேவையில்லைதான், பதற்றத்தில் எது தேவை என்று பிரித்துப் பார்க்கவா முடிகிறது? அவர் கேட்டுக்கொண்டார்.

"சரி, போயிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். வைக்கப் போனவர் நிறுத்திச் சொன்னார். "அதுவரைக்கும் நீங்க யார்ட்டயும் ஒண்ணும் சொல்லாதிய அண்ணாச்சி."

எனக்கு வாழ்க்கையில் யாரும் சொன்னதிலேயே சரியான அறிவுரை அது. நான் கேட்கவில்லை. பொய்யைப் பரப்பியவன் உண்மையையும் பரப்ப வேண்டும் என்று ஒரு நியாயம் தோன்றி, வெள்ளானூருக்குப் போன் போட்டேன். கொழுந்தியாள் எடுத்தாள். அக்கா கோயிலில் இல்லை, அது தவறான செய்தி என்றேன். அவள் இரக்கத்தோடு கேட்டாள்.

"அத்தான், நீங்க ரொம்பப் பயந்து போயிருக்கீங்க. உங்களுக்குச் சேதி சரியா வரல. எங்க ஜெபக்குழுவுல நேரடியாத் தெரிஞ்சவங்க சொல்லியிருக்காங்க. ஆர்மோனியப் பெட்டி வரைக்கும் சொல்றாங்கன்னா பாருங்க."

அந்தப் பெட்டி நான் வைத்தது என்றேன். எந்தப் பெட்டி அத்தான் என்றாள். ஆர்மோனியப் பெட்டி, அதை நான்தான் சொன்னேன் என்றேன். அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு தன் கணவரிடம், அத்தானுக்கு ராத்திரி தூக்கமில்லை போலிருக்கிறது என்று சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. அப்புறம் என் மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, எனக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கச் சொன்னாள்.

இன்னும் நான்கு பேருக்குப் பேசினேன். நால்வரும் என்னைத் தேற்றினார்கள். ஒருவர், சோதனை நேரத்தில் விசுவாசத்தை விடக் கூடாது என்று எனக்காக போனிலேயே ஜெபம் செய்தார். பொய்யை ஒரு தடவைதான் சொன்னேன், ஊரே எழுந்து நின்று நம்பியது. உண்மையைக் கத்திக் கத்திச் சொல்கிறேன், ஒருத்தரும் அசையவில்லை. நான் வைத்த பச்சைப் பொட்டை நானே சுரண்டினாலும் போகவில்லை.

நம்பியது இரண்டே பேர். ஒருத்தர் முன்பின் தெரியாத படகுக்காரர். இன்னொருத்தர் இஸ்திரிக்காரர். நான் கீழே போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார்.

"தோ பாரு அண்ணாத்தே. போன தபா அந்தம்மா என்னாண்ட ஒத்த வார்த்த கேட்டுச்சு. பாத்தியான்னுச்சு. நான் நெஞ்சளவு தண்ணில வந்து பாத்தேன். நீ சோத்துல கைய வெச்சுகினே பாத்துட்ட." தண்ணீர் அன்றைக்கு முழங்கால் அளவுதான். அதைத் திருத்துகிற தகுதி எனக்கு அப்போது இல்லை.

அவரே கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்தார். நான் கொடுக்காத துணியைக் கொடுக்க வந்த மாதிரி, யாருடையதோ இரண்டு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்தார். என் மனைவி அவருக்கு டீ கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. மூன்று பேரும் மேசைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டாபிராம் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நிற்கும் சத்தம், போகும் சத்தம். சென்ட்ரலிலிருந்து நான்கு வண்டிகள் வந்து போயின. ஐந்தாவது வண்டி கூவியபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஏல."

அந்த இரண்டு எழுத்துச் சொல்லை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏல, இருக்கியா? ஏணியில ஏறலயே?"

போனை ஸ்பீக்கரில் போட்டோம். அக்கா படகுக்காரரின் போனில் பேசினாள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஒரு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, இரண்டு ராத்திரி இருந்திருக்கிறாள். துணைக்குப் பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டு. வீட்டுக்காரர்கள் முதல் நாளே உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட, ஆடுகள் இவள் படியில் ஏறிக்கொண்டன. படி எப்படி ஏறினாய் என்று என் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்.

"உக்காந்துதாம்மா. திரும்பி உக்காந்து பின்னாலயே ஒவ்வொரு படியா. தண்ணி ஒரு படி ஏறிச்சி, நான் ஒரு படி ஏறினேன். ஒம்பதாவது படியில அது நின்னுட்டு. நான் நிக்கல." மூச்சு வாங்கினாள். "ரஸ்க் பாக்கெட் ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். பாதிய ஆடு தின்னுட்டு. இன்னொரு ஆட்டுக்கு அதுல கோவம்."

என் மனைவிக்கு அழுகையோடு ஒரு ஞாபகம் வந்துவிட்டது. "முறுக்கு டின்னு?"

"எந்த முறுக்கு? மாவே இன்னும் அரைக்கலயே."

இஸ்திரிக்காரர் டீ தம்ளரை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

அப்புறம்தான் அக்கா அதைச் சொன்னாள். திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் மோட்டார் சத்தம் ஒன்று அவள் தெருவை நோக்கி வந்ததாம். முன்னால் இருக்கும் மாடி வீடு மறைத்ததால் அவளுக்குப் படகு தெரியவில்லை. முக்கு வரைக்கும் வந்தது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, அப்படியே திரும்பிப் போய்விட்டது. அவள் கத்தியது மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது. "ஏன் திரும்புனானுவன்னு தெரியல. ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சிட்டுக் கெடந்தேன். நம்ம தெருவுல யாரும் இல்லன்னு எவனோ சொல்லியிருப்பான், வெளங்காதவன்."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

அன்றைக்கு நான் சொல்லவில்லை. அக்காவைக் கரையில் இறக்கி, பள்ளிக்கூட முகாமில் சேர்த்து, அங்கே அவள் பருப்பில் உப்பு போதவில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்த பிறகு, வியாழக்கிழமை மத்தியானம், தைரியத்தைத் திரட்டிப் போன் பண்ணினேன். அந்த வெளங்காதவன் நான்தான் என்று ஆரம்பித்து, கோயில் மாடி, டின், ஆர்மோனியப் பெட்டி, மருமகன் பெயரை அடித்தது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். முகாமில் பிள்ளைகள் விளையாடும் சத்தத்துக்கு நடுவே அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"அத கரையான் தின்னுச்சேல" என்றாள் அக்கா கடைசியில்.

"ஆமாக்கா."

"பின்ன அதுமேல எப்பிடில கால வைக்க?"

அவ்வளவுதான். கோபமா, சிரிப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவள் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். தண்டனை இல்லை போலிருக்கிறது என்று நான் பெருமூச்சு விட்டேன். அக்காவைப் பற்றி அறுபது வருஷத்தில் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தப் பெருமூச்சே சாட்சி.

கிறிஸ்துமஸுக்கு இங்கே எங்கள் கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், இருநூறு பேருக்குச் சோறு போட்ட அம்மாவின் தம்பி இவர்தான் என்று ஒருவர் என்னை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தினார். அதிரசம் அதற்குள் சோறாகியிருந்தது. நான் மறுத்தேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார்கள். வெள்ளானூர்க் கொழுந்தியாள் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா முதலில் கோயிலில்தான் இருந்திருக்கிறார், பிறகுதான் மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார் என்பது அவள் கட்சி.

அக்கா சேறு கழுவி, வீட்டுக்குத் திரும்பி, புது போன் வாங்கிவிட்டாள். மருமகன் வாங்கிக் கொடுத்தது, கேமராவோடு. பழையபடி தினமும் பேசுகிறாள், ஒரு சின்ன மாற்றத்தோடு. நான் எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு கேள்வி வரும். உன் பெண்டாட்டி சாப்பிட்டாளா என்பாள். சாப்பிட்டாள் என்பேன். "பாத்தியா, நெனச்சியா?" என்பாள். நான் போனோடு எழுந்து சமையலறைக்குப் போய், தட்டைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். என் மனைவி கழுவிய தட்டைத் தூக்கிக் காட்டுவாள், அவளுக்கு இதில் தனி ருசி. கேஸை அணைத்தாயா, அணைத்தேன், பாத்தியா நெனச்சியா. மாத்திரை போட்டாயா, போட்டேன், பாத்தியா நெனச்சியா. தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவனை இப்படி ஒருத்தி இன்ஸ்பெக்ஷன் பண்ணுகிறாள்.

போன வாரம் டிவியில் வங்கக் கடலில் ஏதோ காற்றழுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். உடனே போன். தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டாள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது அக்கா, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன். கீழே இறங்கி, தெருவின் நடுவில் போய் நின்று, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தேன். காய்ந்த தெரு. புழுதி. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. இஸ்திரிக்காரர் பெட்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். காதில் போன் இருப்பதைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"பாத்துட்டாரும்மா," என்று என் போனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நான் சாட்சி."

"அவன்ட்ட குடு, ஒரு போட்டோ எடுக்கச் சொல்லு" என்றாள் அக்கா.